ஒல்லாந்து போவதற்கு நான் சொன்ன காரணங்கள்

அஸ்தம்பட்டியை விட்டுப் புறப்பட்ட இரண்டாம் நாள், ராசிபுரம் தாண்டி நாமகிரிப்பேட்டைப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். ஆடி மாதம். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியதால் நடப்பது சிரமமாக இல்லை. இடது செருப்பின் வார் அறுந்துபோயிருந்தது. ஒற்றைச் செருப்போடு நடப்பதைவிட வெறுங்காலே மேல் என்று இரண்டையும் மூட்டையில் கட்டிக்கொண்டேன். மூட்டையில் வேறு இருந்தவை: ஒரு வேட்டி, ஒரு கம்பளி, வேலைக்கு நல்லவன் என்று எழுதிய கடிதம், ஒரு தகர டப்பாவின் மூடி. போக வேண்டிய இடம் ஒல்லாந்து.

எனக்குத் தெரிந்த வழி இதுதான்: முதலில் ஆத்தூர், பிறகு கடலூர், கடலூரில் கப்பல். ஒல்லாந்து மேற்கே இருக்கிறது என்பது தெரியும். ஆனால் கப்பல் கிழக்கே நிற்கிறது. ஆகவே மேற்கே இருக்கும் நாட்டுக்குக் கிழக்கே நடந்து போனேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறு எப்படிப் போவான்?

அந்த நாட்டின் பெயரை அஸ்தம்பட்டி பங்களாவில்தான் முதலில் கேட்டேன். வெள்ளைக்கல் வெட்டும் குழிகளில் ஊறி நிற்கும் தண்ணீரை எஞ்சின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ள வந்த துரை ஒல்லாந்துக்காரர். பதினோரு மாதம் அவருடைய அளவுச் சங்கிலியையும் குடையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒருநாள் லீவில் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிப் பெட்டிகளை எடுத்து வைக்கச் சொன்னார். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். கல்யாணமா? இல்லை. நிலத் தகராறா? சிரித்துவிட்டார். சமையல்காரரிடம் கற்ற தமிழில் சொன்னார்: "ஆறு மாசம் ஒண்ணும் செய்யமாட்டேன். பார்ப்பேன்."

கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை அதையே யோசித்தேன். என் ஜனங்கள் ஊர்விட்டு ஊர் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குப் போவார்கள், சாவுக்குப் போவார்கள், மழை பொய்த்தால் தேயிலைக் காட்டுக்குப் போவார்கள், போலீசுக்குப் பயந்து போவார்கள். சும்மா பார்ப்பதற்காக ஊர் ஊராகத் திரிந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதற்கு எங்கள் ஊரில் எனக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. துரைக்கோ அதற்குச் சம்பளமும் உண்டாம்.

அப்படி என்னதான் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். பெட்டிக்கு ஒன்றாகக் காரணம் சொன்னார். கடைசியில், கோக்கோத் தூள் இருந்த டப்பாவின் மூடியை எனக்குக் கொடுத்தார். அதில் அவர் ஊர்ப் படம் இருந்தது. "ஒருநாள் வந்து பார்" என்றார். வண்டி ஏறப்போகிறவர் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது என்று இப்போது தெரிகிறது. அப்போது அதை அழைப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

உச்சி நேரத்தில் பாதையோரம் ஒரு கிணறு தெரிந்தது. நிலத்துக்காரர், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையிலிருந்து மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். அவர் மனைவி மஞ்சள் பாத்திகளுக்கு நடுவே மண்வெட்டியோடு நின்றார். வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் வலது காலில் துணி சுற்றி நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி குடிக்கலாமுங்களா?"

"குடி சாமி. தொட்டில கெடக்குது. எந்தூரு? யாரூட்டுப் பையன்?"

சொன்னேன். கிணற்றில் கை வைக்கலாம், சமையல்கட்டுக்குள் வரக்கூடாது என்கிற அளவுக்கு என் பதில் போதுமானதாக இருந்தது. அந்தம்மாள் கம்பஞ்சோறும் மோரும் ஒரு பச்சை மிளகாயும் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே அவர்கள் படும் பாட்டைத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கிணறு மூன்று பங்காளிகளுக்குப் பொது. ஆளுக்கு இரண்டு நாள் முறை. இவருடைய முறை மறுநாள் சூரியன் உச்சிக்கு வரும்போது முடிகிறது. பிறகு நாலு நாள் தண்ணீர் இவருக்கில்லை. மஞ்சள் முளைத்து ஒரு சாண்கூட ஆகவில்லை. ஆடிக்காற்று மண்ணில் இருக்கிற ஈரத்தை நக்கிவிடும். முந்தின நாள் உச்சியிலிருந்து பாதிக்குமேல் பாய்ந்துவிட்டது. கீழண்டைப் பாத்திகள் மட்டும் வாய் பிளந்து கிடந்தன. அவற்றை நனைக்காமல் முறை போனால் அந்தப் பக்கத்து மஞ்சளை மறந்துவிடலாம். கவலை ஓட்டுகிற பண்ணையாள்தான் மரத்தடியில் இருந்த பெரியவர். காலில் உடைமுள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. அதனால் நிலத்துக்காரரே இரண்டு நாளாக மாடு ஓட்டினார். அறுபதடி ஆழத்திலிருந்து ஒரு சால், அதாவது கவலையின் பெரிய வாளி நிறையத் தண்ணீர் மேலே வர, மாடு ஒருமுறை சரிவில் இறங்க வேண்டும். அடுத்த சாலுக்கு, திரும்பாமல் பின்னாலேயே நடந்து மேலேற வேண்டும்.

"எங்க போற?" என்றார் நிலத்துக்காரர்.

"ஒல்லாந்துக்குங்க."

"அது எங்கிருக்குது? ஆத்தூருக்கு அக்கட்டாலயா?"

"சீமைப் பக்கமுங்க. கப்பல்ல போவோணும்."

அந்தம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "அங்க ஒறம்பரை யாராச்சும் இருக்காங்களா?" அந்தப் பக்கத்தில் சொந்தக்காரர்களை ஒறம்பரை என்பார்கள்.

"இல்லீங்கக்கா."

"கோயலு?"

"நம்ம கோயலு இல்லீங்க."

"கூலிக்கா?"

"பாக்கறதுக்குங்க."

மரத்தடியில் இருந்த பெரியவர் முதல்முறையாக என்னை ஏறிட்டுப் பார்த்தார். "கொல்லிமலையப் பாத்திருக்கயா?"

"இன்னும் இல்லீங்க."

"அந்தா நிக்குது பாரு. கெழக்கால. அத உட்டுப்போட்டு ஏழு கடலத் தாண்டிப் போறானாமா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டப்பா மூடியை எடுத்து நடுவில் வைத்தேன். அதில் ஒரு வாய்க்கால். கரையில் வெள்ளையும் கறுப்புமாக மாடுகள். பின்னால் கூம்பு மாதிரி ஒரு கட்டடம், அதன் நெற்றியில் நாலு இறக்கை. அடியில் சின்னக் கதவு. கதவோரம் வெள்ளைக் குல்லாய் போட்ட ஒரு பொம்பளை.

துரை சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். மார்கழியில் அங்கே வாய்க்காலெல்லாம் கல்லாக உறைந்துவிடும், இரும்புச் செருப்பு மாட்டிக்கொண்டு அதன்மேல் வழுக்கியே பக்கத்து ஊருக்குப் போவார்கள் என்றேன். விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று பெரியவர் கேட்டார். கண்ணுக்கெட்டிய தூரம் பூவாகவே நடுவார்கள், அந்தப் பூ வெங்காயம் மாதிரிக் கிழங்கிலிருந்து வரும் என்றேன்.

"வெங்காயத்த என்ன பண்றாங்க? கொழம்புக்கா?" என்றார் அந்தம்மாள்.

"திங்கறதில்லீங்கக்கா. பூவப் பாத்துப்போட்டுக் கெழங்க எடுத்து வச்சுக்குவாங்க."

"நட்டு, தண்ணி கட்டி, களையெடுத்து, வெறும் பூவா?" அவர் தன் மஞ்சளைத் திரும்பிப் பார்த்தார். "அவியளுக்குப் பசிச்சதே இல்லையாட்டருக்குது."

இதுவும் எடுபடவில்லை. கைவசம் இருந்த கடைசிக் காரணத்தை எடுத்தேன். அந்த நாட்டு நிலம் கடலைவிடத் தாழ்வு. கரை கட்டிக் கடலை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு முழம் தோண்டினால் தண்ணீர். தண்ணீர் அதிகமாகிப் பயிர் அழுகிவிடும் என்று, இரவும் பகலும் இறைத்துக் கடலில் கொட்டுகிறார்கள்.

நிலத்துக்காரர் கையிலிருந்த துண்டு காற்றில் படபடத்தது.

"எறச்சு," என்றார் பெரியவர் மெதுவாக, "கடல்ல ஊத்தறானா?"

"ஆமாங்க."

"அந்தப் பாவம் அவன்களச் சும்மா உடுமா?"

நிலத்துக்காரர் மூடியைக் கையில் எடுத்துவிட்டார். "எத்தன சோடி மாடு பூட்டறாங்க?"

"மாடே இல்லீங்க. இந்த எறக்கையக் காத்து சுத்துமாம். தண்ணி தானா ஏறுமாம்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் மூடியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்ற சோளத்தட்டைப் பார்த்தார். "ஆடி பூராவும் இந்தக் காத்து சும்மாதான போவுது" என்றார்.

அந்தம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "ஏனுங்க, மொறை நாளைக்கு உச்சிக்கு முடியுது."

"மாடு இப்ப நெழல்ல நிக்கற நேரந்தான. அது எளப்பாறட்டும். சித்த நேரம்."

கிணற்றின் மேற்கு ஓரத்தில் இன்னொரு கவலைக்கான கல்தூண்கள் இருந்தன. தண்ணீர் மேலே கிடந்த வருஷங்களில் இரண்டு ஜோடி மாடு இறைத்ததாம். தொழுவத்துக்குப் பின்னால் ஒடிந்த கட்டைவண்டியின் அச்சும் ஒரு சக்கரமும் கிடந்தன. நானும் அவரும் உருட்டிக்கொண்டு வந்து, அச்சைத் தூண்களோடு சேர்த்து இறுக்கிக் கட்டினோம். சக்கரம் காற்றைப் பார்த்து நின்றது. ஆரக்கால்களில் நாலு பனையோலைத் தடுக்கைக் கட்டினோம். அவர் ஒவ்வொரு முடிச்சுக்கும் என் முகத்தைப் பார்த்தார். நான் மூடியைப் பார்த்துத் தலையாட்டினேன். பதினோரு மாதம் ஒல்லாந்துக்காரர் குடையைத் தூக்கியவன் அல்லவா?

வாளி இருந்தது, அறுபதடிக்குக் கயிறு இல்லை. கவலைச் சாலுக்கு இரண்டு கயிறு உண்டு. கனமான வடம் சாலைத் தூக்கும். மெல்லிய வால்கயிறு சாலின் தோல்வாயை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒன்று இல்லாமல் இன்னொன்றால் இறைக்க முடியாது. நிலத்துக்காரர் வால்கயிற்றை அவிழ்த்தார்.

"பண்ணாடி, அதத் தொடாதீங்க" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது. நிலத்துக்காரரைப் பண்ணையாட்கள் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். "சீமைக்காரன் சக்கரத்துக்குச் சீமைக்கவுறு போடுங்க."

"நீ காலப் பாத்துக்கிட்டு உக்காரு."

கயிற்றின் ஒரு நுனியைச் சக்கரத்தின் நடுவே புடைத்திருக்கும் குடத்தில் கட்டி, மறு நுனியில் வாளியைக் கட்டி இறக்கினோம். காற்று தடுக்குகளை அறைந்தது. சக்கரம் அசையவில்லை. தூண்தான் முனகியது. நான் படத்தை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். பெரியவர் சிரித்த சிரிப்பில் மாடுகள் திரும்பின.

மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஓலைக் காத்தாடி பண்ணுனதே இல்லையா ரெண்டு பேரும்? தட்டையா வச்சா எங்க சுத்தும்? சாச்சுக் கட்டுங்க." அவரே வந்து ஒரு தடுக்கை அவிழ்த்துச் சாய்த்துக் கட்டினார். மற்ற மூன்றையும் அதேபோல் நான் கட்டினேன்.

கடைசி முடிச்சிலிருந்து கையை எடுப்பதற்குள் சக்கரம் நகர்ந்தது. முதலில் தூக்கக் கலக்கத்தில் புரண்டு படுப்பவன் மாதிரி ஒரு சுற்று. பிறகு இன்னொன்று. குடத்தில் கயிறு சுருண்டது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். மாடில்லாமல், ஆளில்லாமல், அந்த வாளி தானாக மேலே வந்துகொண்டிருந்தது. பார்க்கவென்று நான் நடந்த தூரமெல்லாம் அதற்காகத்தான் என்று தோன்றியது. பெரியவர்கூட மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எழுந்து நின்றார்.

வாளி விளிம்புக்கு வந்தது. நிலத்துக்காரர் சந்தோஷத்தில் கத்தினார்: "நிறுத்து! எறக்கு!"

எப்படி நிறுத்துவது? மாடென்றால் ஒரு சொல் போதும், பின்னாலேயே நடந்து மேலே வரும். எங்களுக்குத் தண்ணீர் இறைப்பதென்றால் போவதும் வருவதும்தான். காற்றுக்குப் பின்னோக்கி நடக்கத் தெரியாது என்பது அங்கிருந்த ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை. வாளி குடத்தில் மோதியது, ஆரக்காலில் மாட்டியது, தலைகீழாக ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் மேல் தண்ணீரைக் கொட்டியது. கயிறு ஆரக்கால்களில் சிக்கிக்கொண்டது. நிலத்துக்காரர் தாவி அதைப் பிடித்தார். அவர் உள்ளங்கையை உரித்துக்கொண்டு கயிறு ஓடியது. பிறகு அறுந்தது. வாளியும் பாதிக் கயிறும் கிணற்றுக்குள் போயின. ஒரு தடுக்கு பிய்ந்து பறந்து பங்காளியின் நிலத்தில் போய் உட்கார்ந்தது. மிச்சம் மூன்று தடுக்கோடு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கிட்டப் போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அடி விழும் என்று கன்னத்தைத் தயாராகவே வைத்திருந்தேன். விழவில்லை. அந்தம்மாள் கணவரின் கையைப் பார்த்தார், பிறகு வெடித்துக் கிடந்த கீழண்டைப் பாத்திகளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அடியே மேல்.

நான் கிணற்றுக்குள் இறங்கி, படியில்லாத இடத்தில் கல் இடுக்கில் கால் வைத்துப் போய், வாளியையும் கயிற்றையும் மீட்டு வந்தேன். முழங்கால் இரண்டும் சிராய்ந்துவிட்டன. அறுந்த நுனிகளைப் பிரித்து, புரிக்குள் புரி நுழைத்து முறுக்கும் வேலை பெரியவருக்குத்தான் தெரியும். நான் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கயிறு மறுபடி கயிறாவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. சாயங்காலம் முழுக்க ஒரு சால் தண்ணீர்கூட மேலே வரவில்லை.

"ஏனப்பா," என்றார் அவர் முறுக்கிக்கொண்டே, "அந்தப் படத்துல கவுறு எங்க இருக்குது?"

மூடியைப் பார்த்தேன். கயிறில்லை. வாளியில்லை. இறக்கை வெளியே சுற்றுகிறது. தண்ணீரை ஏற்றுவது எதுவோ அது அந்தச் சின்னக் கதவுக்குள் இருக்கிறது. துரை வீட்டில் இருந்த நாளெல்லாம் பூவைக் கேட்டேன், பனியைக் கேட்டேன், வெண்ணெய் எவ்வளவு தின்பார்கள் என்றுகூடக் கேட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஒல்லாந்து போவதற்கு அதுவரை நான் சொன்னவை எல்லாம் துரையின் காரணங்கள். எனக்கென்று ஒரு காரணம் அந்த மரத்தடியில்தான் கிடைத்தது. அந்தக் கதவுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். இன்றுவரை பார்த்ததில்லை.

காற்று தணிந்து சக்கரம் நின்றபோது நிலத்துக்காரர் தடுக்குகளை அவிழ்த்துவிட்டு வந்தார். கையில் மஞ்சளும் விளக்கெண்ணெயும் வைத்துக் கட்டியிருந்தது. என்னிடம் மூடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அங்க போனயின்னா, ஒண்ணே ஒண்ண மட்டும் கேட்டுக்கிட்டு வா சாமி."

"என்னங்க?"

"எப்படி நிறுத்தறாங்கன்னு."

"முதல்ல இவனக் கடலூருக்கு அனுப்புங்க" என்றார் பெரியவர். "இன்னொரு நாள் இருந்தான்னா கெணத்தையே சுத்த உட்டுருவான்."

மாட்டுத்தொழுவத்தின் ஓரத்தில் படுத்தேன். விடியுமுன் எழுந்து மூட்டையைக் கட்டியபோது, நிலத்துக்காரர் வாசலில் நின்று மாட்டுக் கயிற்றை இடது கையால் அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை வீங்கி விரல் மடங்கவில்லை. பெரியவரின் காலும் அப்படியே. அந்தம்மாள் மண்வெட்டியோடு பாத்திக்குப் போய்விட்டார். வெட்டிய மடையில் தண்ணீர் இல்லை.

மூட்டையைக் கீழே வைத்தேன்.

"கவலை ஓட்டியிருக்கயா?" என்றார் அவர், திரும்பாமலே.

"மோகனூர்ப் பக்கம் ஒரு கோடை முழுக்க ஓட்டியிருக்கறேனுங்க."

"அத நேத்தே சொல்றதுக்கென்ன? ஒல்லாந்து ஒல்லாந்துன்னயே."

"நீங்க கேக்கலீங்க."

மாட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தார். "என் கை ஆறங்காட்டியும் இரு. மூணு வேளையும் சோறு. வாய மட்டும் மூடிக்க."

மாடுகளைப் பூட்டினேன். சால் கீழே போய் நிறைந்த சத்தம் கேட்டதும் அதட்டினேன். அவை சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்து என் கனத்தையும் சேர்த்தேன். தொட்டியில் தண்ணீர் விழுந்தது. ஒரு சொல் சொன்னதும் மாடுகள் நின்றன. இன்னொரு சொல்லுக்குப் பின்னாலேயே நடந்து மேலேறின. ஆயிரம் தடவை பார்த்த காரியம்தான். அன்றைக்கு அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பங்காளியின் மாடுகள் வரப்பில் தெரிந்தபோது கீழண்டைப் பக்கத்தில் இரண்டு பாத்தி பாக்கி இருந்தது. பங்காளி எங்கள் தடுக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை. நான் மாடுகளை அவிழ்த்தேன். அந்தம்மாள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே காய்ந்து கிடந்த பாத்திகளைக் காட்டி, "அது ரெண்டும் ஒல்லாந்துக்காரன் பங்கு" என்றார்.

மறுநாளிலிருந்து அந்த இரண்டு பாத்திக்கும் வீட்டுத் தொட்டியிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றுவதும் என் வேலை என்று சொன்னார்.